குடியை நிறுத்தத் துணைக்குழு தேடுவது எப்படி: டர்பன் தமிழருக்கு

"இனிமேல் தொடமாட்டேன்" என்று ஒருவர் மனதாரச் சொல்லும் நேரம் ஒன்று வரும். பெரும்பாலும் விடியற்காலையில், கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது வரும். அந்த வார்த்தைக்கு ஆயுள் குறைவு. சாயந்தரம் பாட்டில் ஸ்டோர் (மதுக்கடை) சாத்துவதற்குள் கரைந்துபோகும். சொன்ன நேரத்துக்கும், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஒரு துணைக்குழுக் கூட்டத்தில் போய் நாற்காலியில் உட்காரும் நேரத்துக்கும் நடுவில்தான் நிறையப் பேரை இழக்கிறோம். முகவரி பழசாக இருக்கும், ஹால் பூட்டிக் கிடக்கும், இருட்டியபின் கொண்டுபோய் விட ஆள் இருக்காது. இந்தக் குறிப்பு அந்த நடுவழிக்காக எழுதியது. தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், இசிபிங்கோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்திருக்கிறோம். லெனேசியா, லோடியம் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தொலைபேசி எண்கள் இவைதான்.

முதலில் உடம்பு, அப்புறம் கூட்டம்

தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு கணக்கு பாருங்கள். ஹாஃப் ஜாக் என்ற சிறு பாட்டிலில் வரும் கேன் (கரும்புச் சாராயம்) 375 மில்லி, அதில் 43 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 127 கிராம் சுத்த ஆல்கஹால் ஆகிறது. இதைத் தினமும் வாங்கிக்கொண்டிருந்த மூளை, மதுவின் அமுக்கத்துக்கு எதிராகத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அமுக்கம் போய்விடும், முடுக்கம் மட்டும் மிச்சமிருக்கும். நடுக்கமும் வலிப்பும் அதனால்தான் வருகின்றன.

கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை வேறொரு ஆபத்து உண்டு: ஆள் அடையாளம் தெரியாமல் போவது, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரிவது, காய்ச்சல், கட்டுக்கடங்காத பரபரப்பு. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. 10177-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், செல்போனில் 112 அழைத்தாலும் ஆகும்.

காலையில் நடுக்கம் தீர ஒரு மடக்கு தேவைப்படுகிறவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயதானவர், ஈரல் கோளாறு உள்ளவர், தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர் ஆகிய எல்லாரும் நிறுத்துவதற்கு முன் டாக்டரைப் பார்க்கவேண்டும். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லையென்றால் பக்கத்து அரசு கிளினிக்கில் தொடங்குங்கள். நிலைமை மோசமென்றால் சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். எவ்வளவு குடித்தீர்கள், கடைசி மடக்கு எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் குறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார். வெட்கப்பட்டுப் பாதியாகச் சொன்னால் மருந்தும் பாதியாகத்தான் வரும். வைட்டமின் பி1 பற்றியும் கேளுங்கள். நெடுநாள் குடித்தவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அந்தக் குறை நினைவாற்றலையே கெடுத்துவிடும்.

டாக்டரைப் பார்க்கும்வரை கூட்டத்துக்குப் போகக்கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம். இன்னும் குடித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டத்துக்குப் போகிறவர்கள் உண்டு, அவர்களை யாரும் விரட்டுவதில்லை.

"புரட்டாசியில் நிறுத்துகிறேனே"

நம் வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. புரட்டாசி முழுக்கக் கவிச்சியும் குடியும் இல்லை, காவடிக்குக் காப்புக் கட்டினால் பத்து நாள் தொடுவதில்லை, ஆகவே எனக்குக் குடிநோய் இல்லை என்பது அவர்களின் வாதம். அந்த விரதம் உண்மையானது, அதில் உள்ள பக்தியும் உண்மையானது. ஆனால் குடிநோயின் சோதனை நிறுத்துவதில் இல்லை, திரும்பத் தொட்டபின் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. புரட்டாசி முடிந்த அன்றிரவு இரண்டு கிளாஸோடு எழுந்திருக்க முடிந்ததா? காப்பு அவிழ்த்த நாளில் வீட்டுக்கு எப்படி வந்தார்? விரத நாள்களை விரலில் எண்ணிக்கொண்டே இருந்தாரா? வீட்டில் இருப்பவர்களுக்கு விடை தெரியும்.

இதில் இரண்டு நடைமுறைக் காரியம் உண்டு. தினமும் நிறையக் குடிப்பவர் கொடியேற்றத்தன்று காலையில் சட்டென்று நிறுத்தினால், மேலே சொன்ன ஆபத்து அப்படியே பொருந்தும். வெயிலில் வெறுங்காலோடு காவடி தூக்கும் நாளுக்கு முன் அது வந்து கழுத்தைப் பிடிக்கலாம், அதனால் டாக்டரிடம் முன்கூட்டியே போய்விடுங்கள். இன்னொன்று, விரதக் காலம் கூட்டம் தேடுவதற்கு மிக நல்ல நேரம். தலை தெளிவாக இருக்கும், வீட்டில் யாரும் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கமாட்டார்கள். விரதம் முடியும் நாளை முதலில் காலண்டரில் குறித்து, அன்று சாயந்தரம் ஒரு கூட்டம் இருக்கும்படி இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

யாரை அழைப்பது, என்ன கேட்பது

தென்னாப்பிரிக்காவில் அதிக இடங்களில் கூட்டம் நடத்துவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எல்லாரும் சொல்வதுபோல் ஏஏ. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியிலிருந்து மீண்ட இரண்டு பேர் தொடங்கியது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. சேரத் தகுதி ஒன்றுதான்: குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை. தேசிய உதவி எண் 0861 435 722. இது இலவச எண் அல்ல, செல்போனில் ஏர்டைம் இருக்கவேண்டும். ஏர்டைம் இல்லையென்றால் 0800 12 13 14-ஐ அழையுங்கள். சமூக மேம்பாட்டுத் துறையின் போதைப் பழக்க உதவி எண் அது, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். 32312-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினாலும் திரும்ப அழைப்பார்கள்.

ஏஏ எண்ணில் பேசுபவர் சம்பளக்காரர் அல்ல. அவரும் குடித்து மீண்டவர்தான், முறை வைத்து எண்ணைப் பார்த்துக்கொள்கிறார். ஒருமுறை அடித்து எடுக்கவில்லையென்றால் அரை மணி கழித்து மறுபடி அடியுங்கள். அழைக்குமுன் ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். போனிலேயே குறித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நடுங்கும் கையில் போனைக் காதிலிருந்து எடுத்து எழுதப் போகும்போதுதான் அழைப்பு அறுந்துபோகும்.

பேசத் தொடங்க ஒரு வரி போதும்: "நான் நியூகமர், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன், இன்றைக்கோ நாளைக்கோ ஒரு மீட்டிங் வேண்டும்." நியூகமர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. பிறகு இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

இந்தக் கூட்டம் இந்த வாரம் நிச்சயம் நடக்கிறதா, கடைசியாக யார் உறுதி செய்தது? பட்டியலில் இருக்கும் கூட்டம் இடம் மாறியிருப்பது அடிக்கடி நடக்கிறது.

எந்தக் கட்டடம், எந்த வாசல்? நிறையக் கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடக்கும். முன்வாசல் பூட்டியிருக்கும், பின்பக்க ஹாலில் வெளிச்சம் இருக்கும். இதைக் கேட்காமல் போனவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிவிடுவார்.

திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்ததற்கு மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கூட வரலாம். மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவருக்கு மட்டும்.

என் பக்கத்திலிருந்து காரில் போகிறவர் யாராவது உண்டா? மாலை ஆறரை, ஏழு, எட்டு மணிக்கு முடியும் கூட்டத்திலிருந்து திரும்ப மினிபஸ் டாக்சி கிடைப்பது சிரமம். கூட்டத்துக்குத் தொடர்ந்து போகாமல் நிற்கிறவர்களில் பலருக்கு மனக்குறை ஒன்றும் இல்லை, திரும்பி வர வண்டி இல்லை. ஏஏ உறுப்பினர்கள் புதியவரை ஏற்றிப் போவதைத் தங்கள் மீட்புக்குச் செய்யும் காரியமாகவே நினைப்பார்கள், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆணை ஆணும், பெண்ணைப் பெண்ணும் ஏற்றிச் செல்வது வழக்கம், அப்படியே கேட்டு வாங்குங்கள். வண்டி அமையவில்லையென்றால் டவுனில் மதிய உணவு நேரக் கூட்டமோ சனிக்கிழமை காலைக் கூட்டமோ இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஒரு கூட்டத்தோடு நிறுத்தாமல் மூன்று கூட்டங்களை எழுதிக்கொண்டு போனை வையுங்கள். ஒன்று தவறினால் மறுநாள் போக இன்னொன்று கையில் இருக்கவேண்டும்.

தெரிந்த முகம்

"அங்கே போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்." சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஒரே யூனிட்டில் (குடியிருப்புப் பகுதியில்) இரண்டு மூன்று தலைமுறை, கோவிலிலும் கல்யாணத்திலும் அதே முகங்கள். கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது ஏஏ-யின் உயிர்நாடி, பெரும்பாலோர் அதைக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் மனம் கூசினால் ஒரு ஊர் தள்ளிப் போங்கள். சாட்ஸ்வர்த்காரர் குயின்ஸ்பர்க், பைன்டவுன் பக்கமும், ஃபீனிக்ஸ்காரர் உம்ஷ்லாங்கா, டர்பன் நார்த் பக்கமும் விசாரிக்கலாம். அங்கே இந்திய முகம் குறைவாக இருக்கலாம், வெள்ளையரும் ஜூலுவும் நிறைய இருக்கலாம். முதல் பத்து நிமிடம் அந்நியமாக இருக்கும். பிறகு ஒருவர் எழுந்து, பாட்டிலை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததைச் சொல்வார். அந்த ஒளிக்கும் இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் என்று அப்போது புரியும்.

சில மாதம் போனபின் உள்ளூர்க் கூட்டத்துக்கும் வாருங்கள் என்பது எங்கள் கருத்து. ராத்திரி பத்து மணிக்கு மனம் அலைபாயும்போது நாற்பது நிமிட தூரத்தில் இருக்கும் நண்பரைவிட, இரண்டு தெரு தள்ளி இருக்கும் அங்கிள்தான் வந்து நிற்பார்.

மொழி இன்னொரு கவலை. டர்பன் கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். இங்கே பிறந்தவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்கு, மனதில் உள்ளதை ஆங்கிலத்தில் கொட்ட வராது. இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள்: நேரில் ஆங்கிலக் கூட்டம், போனில் தமிழ்க் கூட்டம். தமிழ்நாட்டில் ஏஏ குழுக்கள் தமிழிலேயே கூடுகின்றன, இணையவழிக் கூட்டங்களும் உண்டு. இந்திய நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 8.30 என்றால் இங்கே மாலை 5 மணி. வேலை முடிந்து பாட்டில் ஸ்டோரைக் கடக்கும் நேரம் அது, காதில் இயர்போன் போட்டுக்கொண்டு கேட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வீடியோவை அணைத்துவிட்டால் டேட்டாவும் குறைவாகப் போகும், முகமும் தெரியாது. ஆனால் இணையக் கூட்டம் மட்டுமே போதும் என்று இருந்துவிடாதீர்கள். திரையில் இருப்பவருக்கு உங்கள் வாயின் வாடை தெரியாது.

முதல் நாள் உள்ளே என்ன நடக்கும்

பத்து நிமிடம் முன்னால் போங்கள். கதவில் ஏஏ என்று எழுதிய தாள் டேப் போட்டு ஒட்டியிருக்கும், சில இடத்தில் வெறும் அம்புக்குறிதான் இருக்கும். உள்ளே டீ அர்ன் கொதிக்கும் சத்தம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசையில் சிறு புத்தகங்கள். ஒருவர் கை கொடுத்துத் தன் முதற்பெயரைச் சொல்வார். நீங்களும் முதற்பெயரைச் சொன்னால் போதும். டீ கப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், நடுங்குகிறதென்றால் பாதி மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். அங்கே இருக்கும் எல்லாருக்கும் பாதிக் கப்பின் காரணம் தெரியும்.

கூட்டம் சுமார் ஒரு மணி நேரம், சில இடத்தில் ஒன்றரை மணி. நடத்துநர் ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார். பிறகு ஒருவர் தன் கதையைச் சொல்வார்: முன்பு எப்படி இருந்தது, என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறது. அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஒரு தொப்பியோ கூடையோ சுற்றி வரும், வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடும் பணம் அது. புதியவர் போடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். முடிவில் எல்லாரும் எழுந்து சிறு பிரார்த்தனை சொல்வார்கள்.

குடித்துவிட்டு வந்தால்? வரலாம். அன்றைக்குப் பேசாமல் பின்வரிசையில் உட்காருங்கள். வண்டி ஓட்டி வராதீர்கள்.

முடிந்த உடனே நழுவிப் போவதுதான் முதல் நாள் செய்யும் பெரிய தவறு. கூட்டம் முடிந்தபின் வரும் பத்து நிமிடத்தில்தான் வேலை நடக்கிறது. குறைந்தது மூன்று பேரின் போன் எண்ணை வாங்குங்கள், உங்கள் பாலினத்தவரிடமே வாங்குங்கள். மறுநாள் குடிக்கத் தோன்றாத நேரத்திலேயே ஒருவரை அழைத்து, "நேற்று வந்தேனே, சும்மா அழைத்தேன்" என்று இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள். தோன்றாதபோது ஒருமுறை அழைத்துப் பழகாதவர், தோன்றும்போது அழைக்கமாட்டார்.

பிடிக்கவில்லையென்றால்

ஒரே கூட்டத்தைப் பார்த்து ஏஏ நமக்கு ஆகாது என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஒன்றில் புத்தகம் வாசிப்பதே வேலை, ஒன்றில் சிரிப்பு அதிகம். குறைந்தது ஆறு கூட்டம், அதுவும் மூன்று வேறு குழுக்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் தினம் ஒன்று என்று போனால் இன்னும் நல்லது. 2020-இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை முழுக்க விட்டிருப்பதில், ஏஏ-யோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற நல்ல சிகிச்சைகளுக்குக் குறையாமல், பல இடங்களில் கூடுதலாகவே பலன் தந்தது என்று கண்டது. அந்தப் பலன் கிடைக்கத் தொடர்ந்து போகவேண்டும்.

சாமி விஷயம் பலரை வாசலிலேயே நிறுத்துகிறது. சர்ச் ஹால், பிரார்த்தனை, "உயர்ந்த சக்தி" என்ற பேச்சு எல்லாம் சேர்ந்து மதம் மாற்றுவார்களோ என்று வீட்டில் பெரியவர்கள் அஞ்சுவார்கள். ஹால் வாடகைக்கு எடுத்தது, சர்ச்சுக்கும் கூட்டத்துக்கும் வேறு சம்பந்தம் இல்லை. குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த படிகளில் வரும் இறைவன் அவரவருக்குப் புரிந்தபடியான இறைவன். முருகன் என்று நினைத்துக்கொள்ளலாம், மாரியம்மன் என்று நினைத்துக்கொள்ளலாம். நம்பிக்கை இல்லாதவர் அந்தக் குழுவையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்ளலாம். யாராவது தன் மதத்துக்கு இழுத்தால் அது அந்த ஆளின் பிழை, அடுத்த குழுவுக்குப் போங்கள்.

அறிவியல் வழியாகப் பேசும் குழு வேண்டுமென்றால் ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு செலிபிரேட் ரிகவரி சில சபைகளில் நடக்கிறது. நேருக்கு நேர் ஆலோசகரிடம் பேச, 1956-லிருந்து இயங்கும் சான்கா அமைப்பை அணுகுங்கள், டர்பனில் அதற்கு மையம் உண்டு. கட்டணம் எவ்வளவு என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எந்தக் குழுவாக இருந்தாலும் சில அறிகுறி தெரிந்தால் உடனே வெளியேறுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, கடன் கேட்பது, இத்தனை நாளில் முழுக்க குணம் என்று உத்தரவாதம் தருவது, புதிதாக வந்த பெண்ணிடமோ இளைஞரிடமோ யாராவது ஒட்டிக்கொண்டு அலைவது ஆகியவை அவை. மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மாத்திரை போடுபவர் அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. எத்தனை வருடம் குடிக்காமல் இருக்கும் மூத்தவர் சொன்னாலும் சரி.

தங்கிச் சிகிச்சை எடுக்கவேண்டிய நிலை என்றால், 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி அந்த மையம் சமூக மேம்பாட்டுத் துறையிடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். பதிவில்லாத வீடுகளில் ஆளைப் பூட்டி வைப்பதும் அடிப்பதும் நடந்திருக்கிறது, நடுக்கத்தோடு வருபவருக்கு அங்கே மருந்து தர ஆளும் இருக்காது. அரசு மையமான நியூலண்ட்ஸ் பார்க்குக்குச் சமூகப் பணியாளர் மூலம் விண்ணப்பிக்கவேண்டும். மெடிக்கல் எய்ட் இருப்பவருக்கு ஆண்டுக்கு மூன்று வாரம் வரை மருத்துவமனைச் சிகிச்சை குறைந்தபட்ச உரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது. தரமாட்டோம் என்று முதலில் சொன்னால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிப்பவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். அல்-அனான் என்பது குடும்பத்தாருக்கான தனிக் குழு, 1951-லிருந்து இருக்கிறது. எண் 0861 25 26 66. அவரை எப்படி நிறுத்தவைப்பது என்று அங்கே சொல்லித் தரமாட்டார்கள். பாட்டிலைத் தேடிக் கொட்டுவது, வேலைக்கு "காய்ச்சல்" என்று பொய் சொல்லி போன் பண்ணுவது, கடனை அடைப்பது என்று நீங்கள் ஓடும் ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்று சொல்லித் தருவார்கள். அந்த ஓட்டம் நின்றபின்தான் பல வீடுகளில் குடிப்பவருக்குத் தன் நிலைமை கண்ணில் படுகிறது.

பேசும் நேரம் முக்கியம். போதையில் இருக்கும்போது பேசினால் சண்டையில்தான் முடியும். காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், சுருக்கமாகப் பேசுங்கள்: "ஏங்க, நேத்து ராத்திரி நடந்ததைப் பத்தி நான் சண்டை போடல. இன்னைக்கு ஏழு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு. நானும் கூட வர்றேன், வெளியே கார்ல உட்கார்ந்திருக்கேன்." அவர் சரி என்றால் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதீர்கள். பழைய கணக்கை எடுத்தால் வந்த சம்மதம் போய்விடும். மாமனாரோ மூத்த அண்ணனோ சொன்னால் கேட்பார் என்றால் அவரிடமும் இதே மூன்று வரியைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள், திட்டச் சொல்லாதீர்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் குழம்பிலோ டீயிலோ கலக்காதீர்கள். அது உள்ளே இருக்கும்போது மது பட்டால் இரத்த அழுத்தம் விழுந்து, இதயம் தடுமாறி, உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால் வீடு அதை இன்னும் ஆழமாகப் புதைக்கும். கூட்டத்துக்குப் போகும் பெண்கள் உதவி எண்ணில் "பெண்கள் கூட்டம் உண்டா, இல்லையென்றால் ஒரு பெண் உறுப்பினர் என்னை அழைப்பாரா" என்று கேளுங்கள். அடி விழும் வீடாக இருந்தால் கூட்டத்துக்கு முன் பாதுகாப்பு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கு வந்தாலும் 0800 567 567-ஐ அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும்.

சறுக்கினால்

முதல் வருடத்தில் பலர் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். கல்யாண வீட்டு கார் பார்க்கில் பாட்டில் எடுக்க கார் பூட் (டிக்கி) திறக்கும் நேரம், பதினாறாம் நாள் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கூடும் இரவு, தீபாவளி, டிசம்பர் விடுமுறை எல்லாமே நழுவ வைக்கும் இடங்கள். இவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். 25 டிசம்பரும் 1 ஜனவரியும் உங்கள் குழு கூடுமா என்று நவம்பரிலேயே கேளுங்கள், ஹால் சாவி வைத்திருப்பவர் ஊருக்குப் போய்விடுவார். விசேஷ வீட்டுக்குச் சொந்த வண்டியில் போங்கள், கிளம்ப நினைத்த நிமிடம் கிளம்ப முடியவேண்டும். கையில் ஒரு கிளாஸ் கோக் எப்போதும் நிறைந்திருக்கட்டும், காலிக் கை இருந்தால் யாராவது ஊற்ற வருவார்கள்.

குடித்துவிட்டால் மறுநாளே கூட்டத்துக்குத் திரும்புங்கள். சில நாள் தொடர்ந்து குடித்திருந்தால் முதலில் டாக்டர், மேலே சொன்ன உடம்புக் கணக்கு மறுபடி பொருந்தும். திரும்பி வருபவரை யாரும் முறைக்கமாட்டார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பலர் அதே வாசல் வழியாக இரண்டு மூன்று தடவை வந்தவர்கள்.

தமிழில் ஒரு கூட்டம் தொடங்க

பக்கத்தில் கூட்டமே இல்லை, அல்லது தமிழில் வேண்டும் என்றால் தொடங்கலாம். ஏஏ முறையில் இரண்டு பேர் சேர்ந்தாலே குழு. ஆனால் ஒருவராவது சில வருடம் குடிக்காமல் இருப்பவராகவும், வேறொரு குழுவுக்குத் தொடர்ந்து போகிறவராகவும் இருக்கட்டும். இருவருமே புதியவர்கள் என்றால் ஒருவர் சறுக்கும்போது மற்றவரும் கூடப் போய்விடுவார். கோவில் சங்கத்தின் ஹால் கிடைத்தால் நல்லதுதான், சிறு வாடகையாவது கொடுத்துவிடுங்கள். கொடுத்தால்தான் கூட்டம் கோவில் நிகழ்ச்சியாகிவிடாமல் இருக்கும், கமிட்டிக்காரர் எட்டிப்பார்க்கவும் மாட்டார். செவ்வாயும் வெள்ளியும் பூஜை நாள், அவற்றை விட்டு வேறு நாள் பிடியுங்கள். ஹால் சாவி இரண்டு பேரிடம் இருக்கவேண்டும். ஒரு கெட்டில், டீத்தூள், ஐந்தாறு நாற்காலி போதும். மூன்று மாதம் வரை ஆள் வராவிட்டாலும் அதே நாள், அதே நேரம் திறந்து வையுங்கள்.

டர்பன் ஏஏ அலுவலகத்திடம் சொல்லிப் பட்டியலில் சேருங்கள். நாளோ இடமோ மாறினால் அன்றைக்கே உதவி எண்ணுக்குச் சொல்லி, பழைய ஹால் கதவிலும் ஒரு தாள் ஒட்டிவிட்டு வாருங்கள், புது முகவரியும் ஒரு போன் எண்ணும் போட்டு. தேடிக்கொண்டு அங்கே வந்து நிற்பவர் அன்று காலையில்தான் "இனிமேல் தொடமாட்டேன்" என்று சொல்லியிருப்பார்.